ஊசிக்கு ஒரு பூச்சி

சுத்தம் என்று யாராவது என்னைப் பாராட்டினால் இப்போது எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தரையைப் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை ஏதாவது சொன்னால், காப்பி கலக்குகிற சாக்கில் உள்ளே போய்விடுகிறேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அறுபது சொச்சம் ஜோடிகளைப் பிரித்து, அவை ஜோடிகள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் குப்பையில் கொட்டியவள் நான். குளவி ஜோடிகள். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரரும் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் வேலை செய்வது ஒரு செம்பனை ஆராய்ச்சி நிலையத்தில். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்து ரெங்கத்தைத் தாண்டி, தோட்டத்துச் செம்மண் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு வருடம் அங்கே தரை துடைத்தேன், கழிவறை கழுவினேன், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளை விளக்கினேன். ஒரு குடுவையும் என் கையில் உடைந்ததில்லை. கை நடுங்காத பொம்பளை என்று பேர் வாங்கியிருந்ததால், பூச்சிப் பிரிவில் உதவியாளர் இடம் காலியானபோது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு அதுதான் முதல். முதல் நாள் யார் உள்ளே வந்தாலும் எழுந்து எழுந்து நின்றேன்.

உட்காரவைத்தவர் டாக்டர். வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, பூச்சிகளைப் பற்றிப் படித்து வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர். நம் ஆள்தான். உலு திராமில் வீடு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவருடைய அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே அவரைப் படிக்கவைத்தாராம், அதை மறைக்காமல் எல்லாரிடமும் சொல்வார். என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டார். அப்போது அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

அந்த வாரம் அவர் என் முன்னால் கொண்டுவந்து வைத்தது பதினோரு மரப்பெட்டிகள். எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்த மரம். அதைத் தின்கிற புழுக்களும், அந்தப் புழுக்களைக் கொல்கிற குளவிகளும் அங்கேயும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டம் ஒன்றில் எந்தக் காலத்திலோ வேலை செய்த ஒருவர் அந்தக் குளவிகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். அவர் செத்துப்போன பிறகு ஒரு பகுதி ஐரோப்பாவில் ஏதோ அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மிச்சம் கம்பெனி கைமாறிக் கைமாறி எங்கள் ஸ்டோருக்கு வந்து தூங்கியது. இங்கே செம்பனையைத் தின்கிற புழுவை அடக்க அதில் ஏதாவது உதவுமா என்று பார்க்கத்தான் டாக்டர் அதை எழுப்பினார்.

இவை கொட்டுகிற குளவிகள் இல்லை. சீரகத்தின் அளவுதான் இருக்கும். தாய்க் குளவி ஒரு புழுவின் உடம்பில் முட்டை இடும். குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, துளை போட்டு வெளியே வரும். ஒட்டுண்ணிக் குளவி என்பார்கள்.

மற்றப் பெட்டிகளில் ஊசிக்கு ஒரு குளவிதான். முதல் பெட்டியைத் திறந்தால் வரிசை வரிசையாக அறுபது சொச்சம் ஊசிகள். ஒவ்வொரு ஊசியிலும் மேலே முக்கோணமாக வெட்டிய அட்டைத்துண்டின் நுனியில் சிறகுள்ள குளவி ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு அட்டையில், எறும்பு மாதிரி, சிறகே இல்லாத ஒன்று. அதற்கும் கீழே ஊசி குத்திய ஒரு காய்ந்த உருண்டை, இலைத்துணுக்கும் நூலும் தூசியுமாக. கடைசியில் ஒரு சின்னத் தாளில், சாய்ந்த மசி எழுத்தில், ஊரும் தேதியும்.

டாக்டர் முதல் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். ஒரே பார்வை. பிறகு சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஊசிக்கு ஒரு பூச்சிதான்க்கா. செறகு உள்ளது ஒரு பெட்டி, இல்லாதது ஒரு பெட்டி. அந்தக் குப்பையெல்லாம் எடுத்துருங்க, இல்லாட்டி பூஞ்சணம் வெச்சிரும்."

பூஞ்சணம் உண்மையிலேயே பொல்லாதது. இந்த ஈரக் காற்றில் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பெட்டி முழுக்க வெள்ளைப் பஞ்சு பூத்துவிடும். அதனால் எனக்கு அவர் சொன்னதில் சந்தேகமே வரவில்லை. குப்பையைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதுதானே பன்னிரண்டு வருடம் என் பிழைப்பு.

மூன்று மாதம் உட்கார்ந்து செய்தேன். மெல்லிய தூரிகையை வெந்நீரில் நனைத்துப் பழைய பசையை இளக்கி, ஒரு கால்கூட ஒடியாமல் குளவியைத் தூக்கி, புது அட்டையில் ஒட்டி, புது ஊசியில் குத்தினேன். பழைய எழுத்தைப் பார்த்து டாக்டர் கணினியில் அடித்துக் கொடுத்த லேபிள்களை வெட்டிச் செருகினேன். ஒரு ஊசி இரண்டு ஊசி ஆனதால் ஒரு லேபிள் இரண்டு லேபிள் ஆனது. பழைய லேபிள்களும் காய்ந்த உருண்டைகளும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பையைக் கட்டிப் பின்கட்டில் வைப்பேன். என் கையால் கட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்தபோது தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் பெட்டிகளைப் பார்த்து அசந்துபோனார்கள். என்னையும் பெட்டிகளையும் சேர்த்துப் படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். என் கைவேலைக்காக யாரும் அதற்கு முன் என்னைப் படம் எடுத்ததில்லை. அந்தப் படம் நாலு வருடம் அங்கே இருந்தது. போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகுதான் நான் குளவிகளைப் பார்க்கவே கற்றுக்கொண்டேன். அடையாளம் காண்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தில் இரண்டிரண்டாகக் கேள்விகள் இருக்கும். வயிற்றின் முதல் கணு காம்பு மாதிரி நீண்டிருக்கிறதா, இல்லையா? ஆம் என்றால் இந்தக் கேள்விக்குப் போ, இல்லை என்றால் அந்தக் கேள்விக்குப் போ. உணர்கொம்பில் எத்தனை துண்டு, சிறகு நரம்புகள் கூடுகிற இடத்தில் சின்ன அறை ஒன்று மூடியிருக்கிறதா, முதுகில் மேடு எப்படி ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் 'ஜீனஸ்' என்கிற ஒரு பேரினத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். ஆரம்பத்தில் ஒரு குளவிக்கு ஒரு நாள் ஆகும். பிறகு காலை டீக்குள் நாலைந்து முடித்துவிடுவேன். சொந்தக்காரர்களை நடையை வைத்தே தூரத்தில் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி ஆகிவிட்டது.

சிறகில்லாதவை நேராகப் போய் ஒரு பழைய ஆப்பிரிக்கப் பேரினத்தில் நின்றன. அதில் இதுவரை தெரிந்தவை எல்லாமே பெண்கள் என்று புத்தகம் சொன்னது. சிறகுள்ளவையோ எங்கேயும் போய் நிற்கவில்லை. பாதி வழியில் கேள்விகள் தீர்ந்துவிட்டன. டாக்டர் தானே இரண்டு வாரம் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது அறிவியலுக்கே புதுப் பேரினம் என்றார். அதை அறிவிக்கிற கட்டுரையையும் எழுதத் தொடங்கினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தன் அம்மா பேரை வைக்கப்போவதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. பால்மரம் வெட்டிய ஒரு தாயின் பேர் உலகத்துப் புத்தகங்களில் ஏறப்போகிறது என்றால் யாருக்குத்தான் கலங்காது?

ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். சிறகுள்ளவை அத்தனையும் ஆண்கள். ஒரு பேரினம் முழுக்க ஆண்களாகவே இருக்குமா? பறக்கிறவை வலையில் சுலபமாக மாட்டும், பெண்கள் மாட்டியிருக்காது என்றார். படித்தவர் சொல்கிறார், இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்திருக்கலாம்.

போன வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் உலாட் புங்குஸ் பெருகியது. காய்ந்த இலைத்துணுக்குகளை நூலால் பின்னிப் பை செய்து, அந்தப் பைக்குள்ளேயே வாழ்ந்து செம்பனை ஓலையைத் தின்கிற புழு. மரம் முழுக்கத் தொங்கும். அதை எந்தக் குளவி கொல்கிறது என்று பார்ப்பதற்காக நூறு பையாவது பறித்துவந்து, ஜாம் போத்தலுக்கு ஒன்றாகப் போட்டு, துணியால் வாய் கட்டி, ஜன்னலோரம் அடுக்கிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு போத்தலில் சிறகுள்ள குளவிகள் நாலைந்து பறந்துகொண்டிருந்தன. அடியில் எறும்புகள் ஓடிக்கொண்டிருந்தன. எறும்பு புகும்படியா கட்டினாய் என்று என்னையே திட்டிக்கொண்டு ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

எறும்பு இல்லை. முட்டையிடும் ஊசி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. சிறகில்லாத குளவி, பெண். ஒரே போத்தல், ஒரே பை, ஒரே தாய் இட்ட முட்டைகள். ஆண்களுக்குச் சிறகு உண்டு, பெண்களுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

போத்தலைக் கவிழ்த்து அந்தப் பையைக் கையில் எடுத்தேன். உள்ளிருந்த புழு செத்து, பை சுருங்கி, இலைத்துணுக்கும் நூலும் தூசியுமாக ஒரு காய்ந்த உருண்டை ஆகியிருந்தது. ஒரு பக்கத்தில் துளைகள். அதே உருண்டை. வாரா வாரம் கறுப்புப் பையில் கட்டி நான் வெளியே வைத்த அதே உருண்டை. அந்தச் செத்துப்போன மனிதர் மேலே கணவன், கீழே மனைவி, அதற்கும் கீழே அவர்கள் பிறந்த வீடு என்று ஒரே ஊசியில் எல்லாவற்றையும் குத்திவைத்திருந்தார். லேபிளில் தனியாக எழுதவில்லை. எழுத என்ன அவசியம், பார்க்கிறவனுக்குக் கண் இருக்கும் என்று நம்பியிருப்பார்.

போத்தலோடு நேரே டாக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாம் பிரித்துவிட்டோம், அவை இரண்டு பேரினம் இல்லை, ஒன்றின் ஆணும் பெண்ணும், கட்டுரையை அனுப்பாதீர்கள் என்றேன். அவர் போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ஜோகூர்க் குளவி, அது ஆப்பிரிக்கக் குளவி, இது இப்படி இருந்தால் அதுவும் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை என்றார். ஒரே ஊசியில்தானே இருந்தன, நீங்களும் பார்த்தீர்களே என்றேன். தான் மேலாகத்தான் பார்த்ததாகவும், அடியில் என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை என்றும் சொன்னார். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன்.

"உங்க ஞாபகம் ஸ்பெசிமென் இல்லக்கா" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. ஞாபகத்தை ஊசியில் குத்தி யாருக்கும் காட்ட முடியாது. குத்திக் காட்டக்கூடிய பொருளை எறியச் சொன்னவர் அவர், எறிந்தவள் நான், இப்போது ஆதாரம் எங்கே என்று கேட்கிறவரும் அவர். அந்த மனிதர் சேர்த்ததில் மிச்சம் ஐரோப்பாவில் இருக்கிறதே, அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் என்ன என்றேன். அதற்கெல்லாம் நேரம் இல்லை, கட்டுரை தயாராகிவிட்டது என்றார். அப்படியானால் கட்டுரையிலேயே, இவை முன்பு ஒரே ஊசியில் இருந்தன என்று ஒரு வரி எழுதுங்கள் என்றேன். அப்படி எழுதினால் நிலையத்தின் பேர் கெட்டுவிடுமாம். என் பேரும் கெடுமாம். உங்களுக்காகத்தான் சொல்கிறேன் அக்கா என்றார். அன்றைக்கு அந்த அக்கா என்ற சொல் என் காதில் நாராசமாக விழுந்தது.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அந்தத் தீபாவளிக்கு எங்கள் பிரிவில் எல்லாரையும் உலு திராம் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய அம்மா, ஒடிசலான உடம்பு, விரல்களில் பழைய கத்தித் தழும்புகள், வருகிற ஒவ்வொருவரையும் பிடித்துவைத்துத் தன் பேரில் ஒரு பூச்சி வரப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தினமும் பார்க்கிறவள் நான்தான் என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல பூச்சியாம்மா அது? யாரையும் கடிக்காதுல்ல?" என்று கேட்டார்.

கடிக்காது, ரொம்ப நல்ல பூச்சி, மரத்தைக் காப்பாற்றுகிற பூச்சி என்றேன். அவர் வைத்த முறுக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். தப்பாக வைத்த பேர் நிலைக்காது. என்றைக்காவது எவராவது ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பழைய பேர் நிற்கும், புதுப் பேரை அடித்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் அதுதான் சட்டம். மகன் ஆசையாக வைத்த அம்மா பேர், செல்லாத பேர்களின் பட்டியலில் போய்க் கிடக்கும். இது அவருக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில், டாக்டர் அனுப்பிவிட்ட கட்டுரையைப் பரிசீலிக்கிறவர்கள் சிறகுள்ள குளவிகளைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். கேட்டது அதே ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் வேலை செய்கிற ஒரு பெண்மணி. பெட்டியைக் கட்டி அனுப்புகிற வேலை என்னிடம் வந்தது.

எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் டாக்டர் ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. நான் சுத்தம் செய்து முடித்து இரண்டு வருடம் கழித்து, ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒட்டினார். ஊசியில் இருக்கிற எந்த லேபிளையும் எடுக்கக் கூடாது, புதிதாகச் சொல்ல வேண்டியது இருந்தால் அடியில் இன்னொன்று சேர்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். நான் தூரிகையை எடுப்பதற்கு முன்னால் ஒட்டியிருந்தால் இந்தக் கேடே வந்திருக்காது. பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஊசி முனைப் பேனாவை எடுத்தேன்.

நாலு நாள் எழுதினேன். அறுபது சொச்சம் லேபிள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அங்கே படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சிங்கப்பூரில் வேலை செய்கிற என் மகளிடம் போனில் கேட்டுப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நான் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதுவும் சேர்க்கவில்லை. முன்பு இதே ஊசியில் சிறகில்லாத குளவி ஒன்றும் காய்ந்த இலைப் பை ஒன்றும் இருந்தன, பிரித்ததும் பையை எறிந்ததும் நான் என்று எழுதி, என் முழுப்பேரையும் எழுதினேன். அதற்கும் கீழே கடைசி வரியில் "யார் சொல்லிச் செய்தேன்" என்று மட்டும் எழுதி, இடம் விட்டேன்.

ஒளித்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து முதல் லேபிளைப் படித்தார். அடுத்ததையும் படித்தார். அவர் கழுத்து சிவந்தது. மேசையில் இருந்த இடுக்கியை எடுத்து முதல் ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"லேபிள எடுக்கக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டுனது நீங்கதான் டாக்டர்" என்றேன்.

கை நின்றது. பிறகு கடைசி வரியைக் காட்டி, இது என்ன காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

"நான் செஞ்சத நான் எழுதிட்டேன். அது நான் எழுத வேண்டியது இல்ல. உங்களுக்கு விட்டிருக்கேன்."

அவர் பேனாவை எடுப்பார் என்று உண்மையிலேயே எதிர்பார்த்தேன். இவ்வளவு கோபத்துக்கு அடியிலும் அந்த எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது, இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது. அவர் இடுக்கியை மேசையில் வைத்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தப் பொடி எழுத்தை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பஞ்சு வைத்துப் பெட்டியைக் கட்டி, கம்பெனி வேனில் ஏற்றினேன். அன்று மத்தியானமே செனாய் விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

படித்திருக்கிறார். அந்தப் பெண்மணி அறுபது சொச்சத்தையும் படித்திருக்கிறார். படித்துவிட்டு, எழுந்து போய், தங்கள் கிடங்கில் அதே மனிதர் சேர்த்த பழைய இழுப்பறைகளைத் தேடி எடுத்திருக்கிறார். நான் டாக்டரிடம் போடச் சொன்ன ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். மூன்று வாரத்தில் அவரிடமிருந்து படங்கள் வந்தன.

டாக்டர் கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஒரே ஊசி. மேலே சிறகுள்ள ஆண். கீழே இலைத்துணுக்குப் பை, அதன் துளையில் சிறகில்லாத பெண் ஒன்று பாதி வெளியே வந்தபடியே செத்துக் காய்ந்திருந்தது. லேபிளில் அதே சாய்ந்த எழுத்து. பையின் மேல் அவ்வளவு தூசி. இத்தனை காலமும் எந்தப் புண்ணியவதியும் அதைத் துடைக்கவில்லை. அங்கே கை சுத்தமான ஆள் யாரும் வேலைக்கு இல்லை போலிருக்கிறது. நான் அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை இல்லை. அறுபது ஊசியில் இதே மாதிரி இருந்தது, என் கையில் இருந்தது என்ற ஆத்திரத்தில் வந்தது.

புதுப் பேரினத்தை டாக்டர் திரும்பப் பெற்றுக்கொண்டார். பழைய பேரினத்தின் ஆண் யார் என்று இப்போது கட்டுரை சொல்கிறது. ஜோடி சேர்ந்துவிட்டது. தலைமையகத்துக்கு எழுதிய குறிப்பில், புதிய ஆதாரம் கிடைத்ததால் முடிவு மாறியது என்று போட்டிருக்கிறார். புதிய ஆதாரமாம். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் கறுப்புப் பையில் இருந்த ஆதாரம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். அந்த அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. உங்கள் பேர் தப்பான இடத்தில் ஏறாமல் தப்பித்தது என்று சொல்லுங்கள் என்றேன்.

அந்தப் பெண்மணியின் கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. லேபிள்களின் கடைசி வரி எல்லாவற்றிலும் காலியாக இருக்கிறதே, அங்கே வர வேண்டிய பேர் யாருடையது, ஆவணத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். டாக்டர் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: அக்கா, இதுக்கு நீங்களே பதில் சொல்லிருங்க.

பதில் சொன்னேன். அந்த இடம் யாருடையது என்று டாக்டருக்குத் தெரியும், அவரையே கேளுங்கள் என்று எழுதி, அதன் நகலை டாக்டருக்கும் அனுப்பினேன்.

அது நடந்து நாலு மாதம் ஆகிறது. அவர் இன்னும் பதில் போடவில்லை. பெட்டி போன வாரம் திரும்பி வந்துவிட்டது. அதை அலமாரியில் ஏற்றாமல் அவர் தினமும் கடந்து போகிற மேசையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஊசி முனைப் பேனாவையும்.